வீட்டு இன்டர்நெட்டில் 300 எம்பிபிஎஸ் வேகத் திட்டம் போட்டவர்களே, காசுக்கேற்ற வேகம் வந்ததா?

மேற்கு மாம்பலத்தான்:
50-லிருந்து 300-க்கு மாறினேன். 18 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்த்தால் பில் ஏறக்குறைய இரட்டிப்பு. பையனுக்கு வீடியோ இன்டர்வியூ, பின்னறையில். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் படம் நின்றுவிடுகிறது. புகார் கொடுத்தேன். வந்த தம்பி மோடத்தை ஒட்டி நின்று, "பாருங்க சார், 290 வருது" என்று போனை நீட்டினார். பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். 22! "அது வைஃபை சார், எங்க லைன் இல்ல" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார். அப்போ நான் எதற்குக் காசு கட்டுகிறேன்?

ஈயப்பற்று:
அவர் சொன்னது நிஜம்தான் சார். வைஃபையில் 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை. 5-இல் வேகம் உண்டு, ஆனால் இரண்டு செங்கல் சுவர் வந்தால் படுத்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும், வேகம் தராது. அக்கா வீட்டில் இன்னொரு கூத்து. 200 திட்டம், லேப்டாப்பில் கேபிள் செருகிப் பார்த்தாலும் 94-க்கு மேல் ஏறவில்லை. ரவுட்டரைத் திருப்பினால் கேபிள் செருகும் போர்ட்டே 100 தான்! மாதாமாதம் பாதிக் காசு அந்த ஓட்டையிலேயே நின்றிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: போர்ட் கிகாபிட்டா, அதாவது 1000 வரை போகுமா என்று பாருங்கள். கேபிள் நுனியில் 8 கம்பியும் அடித்திருக்கிறார்களா பாருங்கள், 4 மட்டும் அடித்தால் 100-லேயே நிற்கும். ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். நெட்ஃப்ளிக்ஸே 4கே படத்துக்கு 15 போதும் என்கிறது. மூன்று டிவி ஒரே நேரத்தில் ஓடினாலும் 45. பழைய 50-க்கே இறங்கிவிட்டு, மிச்சமாகும் காசில் பின்னறைக்கு லான் கேபிள் இழுத்து ஒரு ஆக்சஸ் பாயின்ட் (அந்த அறையிலேயே வைஃபை தரும் பெட்டி) மாட்டுங்கள்.

கும்பகோணம் கேமரா:
50 போதும் என்பதெல்லாம் டிவி பார்ப்பவர்களுக்கு. எனக்கு ஒரு கல்யாணம் 60 ஜிபி. பழைய இணைப்பில் டவுன்லோடு 100, அப்லோடு வெறும் 10. கணக்குப் போடுங்கள், 13 மணி நேரத்துக்கு மேல். ராத்திரி முழுக்க ஏற்றி, விடிகாலை 92 சதவீதத்தில் கரண்ட் போச்சு. பெண் வீட்டார் வேறு போன் மேல் போன். கடைசியில் ஹார்ட் டிஸ்க்கை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன், எடிட்டரிடம் கொடுக்க. இப்போது இரண்டு பக்கமும் 100. அதே 60 ஜிபி ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிறது. நான் கூடுதலாகக் கட்டுகிற காசு பஸ் டிக்கெட்டுக்குக்கூடக் காணாது. பல விளம்பரங்களில் அப்லோடு எவ்வளவு என்று போட மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள்.

திருச்சி தாத்தா:
256 கேபிபிஎஸ், அதாவது கால் எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடிய பிஎஸ்என்எல் டேட்டாஒன் காலத்து ஆள் நான். ராத்திரி 2 முதல் காலை 8 வரை ஓடுவது கணக்கில் சேராது என்று அலாரம் வைத்து எழுந்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். இவ்வளவு வேகம் வந்தும் என்ன? பேத்திக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங், சாய்ஸ் ஃபில்லிங் கடைசி நாள் சாயங்காலம். வடிகால் தோண்ட வந்த ஜேசிபி தெருமுனையில் ஃபைபரை அறுத்துவிட்டது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் அந்தப் பெண், "உங்க பிளானை 500-க்கு அப்கிரேட் பண்ண விருப்பமா சார்?" என்கிறாள். அம்மா, லைனே இல்லை! மொட்டை மாடியில் என் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் பேத்தி முடித்தாள். அங்கே வந்த வேகம் 4, அதுவே போதுமாக இருந்தது. அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஒட்டுவான் என்று எவனாவது திட்டத்தில் எழுதுகிறானா?

ஈயப்பற்று:
கேமரா அண்ணே, நான் மாம்பலம் சாருக்குத்தான் 50 சொன்னேன், உங்களுக்கு இல்லை. ஆனால் உங்கள் அன்லிமிடெட்டையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பல திட்டங்களில் மாதம் 3300 ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அப்லோடும் அதில் சேர்த்தி.

கும்பகோணம் கேமரா:
3300-ஐ 60-ஆல் வகுங்கள் தம்பி. மாசத்துக்கு 55 கல்யாணம் வந்தால் நான் ஏன் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்?

மேற்கு மாம்பலத்தான்:
லான் கேபிள் சரி. ஆனால் வாடகை வீடு. காலண்டருக்கு ஆணி அடித்ததற்கே அட்வான்ஸில் கழிப்பேன் என்றவர் எங்கள் ஹவுஸ் ஓனரம்மா. ஜன்னல் வழியாக வெளியே இழுத்தால் மழை வெயிலுக்குத் தாங்குமா?