பழைய பேனா புது டேப்லெட்டில் எழுத மாட்டேங்குது, வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வீட்டிலிருந்தபடியே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் டேப்லெட்டை மாற்றினேன். பழைய ஸ்டைலஸ் பேனாவே போதும் என்று கடைப் பையன் அடித்துச் சொன்னான், நம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து திரையில் வைத்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை.

தேடிப் பார்த்ததில் ஓரளவு புரிந்தது. என் பழைய பேனா இ.எம்.ஆர் ரகம். பேட்டரியே கிடையாது, திரைக்கு அடியில் இருக்கும் தகடு உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்துதான் அதற்கு மின்சாரம். புதுசில் அந்தத் தகடே இல்லை. பெட்டியில் பொடி எழுத்தில் யு.எஸ்.ஐ 2.0 என்று போட்டிருக்கிறது, பல கம்பெனிகளுக்கும் பொதுவான ஸ்டைலஸ் தரமாம் அது. அதற்குப் பேனாவுக்குள்ளேயே பேட்டரி வேண்டுமாம்.

அவசரத்துக்கு 300 ரூபாயில் ரப்பர் முனைப் பேனா ஒன்று வாங்கினேன். அது விரலால் எழுதுவது மாதிரிதான். எவ்வளவு அழுத்தினாலும் கோடு தடிக்காது, உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கிறுக்கல். வர்க்கமூலக் குறி போட்டால் தூண்டில் முள் மாதிரி வருகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

யு.எஸ்.ஐ 2.0 பேனா எந்த கம்பெனியுடையதாக இருந்தாலும் ஒத்துப்போகும் என்கிறார்களே, நிஜமாகவே அப்படியா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சாய்கோடு இழுத்தால் நடுங்காமல் வருகிறதா? கையை ஊன்றி எழுத முடிகிறதா? பட்ஜெட் 3000 ரூபாய்.

டேப்லெட்டைத் திருப்பிக் கொடு என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்டாயிற்று, பெட்டியைப் பிரித்துவிட்டால் எடுக்க மாட்டார்களாம்.