அவுட்வுட் காற்றாலை: பழைய படம் கிடைக்குமா?

வணக்கம். மின்சாரக் காற்றாலை இல்லை, மாவு அரைக்கும் காற்றாலை பற்றிக் கேட்கிறேன். இங்கிலாந்தின் சர்ரேயில் அவுட்வுட் என்றொரு கிராமம். 1665இல் தாமஸ் பட்ஜன் என்ற ஆலைக்காரர் கட்டிய மர ஆலை அங்கே இன்றும் நிற்கிறது. தாங்குவது நடுவே ஒரே தூண்தான். காற்று திசை மாறினால், பின்னால் நீண்டிருக்கும் மரத்தைத் தள்ளி ஆலையையே திருப்ப வேண்டும். நம் செக்கு மாதிரிதான், மாட்டுக்குப் பதில் ஆள்! 1666இல் லண்டன் எரிந்ததை இதன் மேலிருந்து பார்த்தார்கள் என்றும் சொல்வார்கள்.

பக்கத்திலேயே இருந்த இன்னொரு ஆலை 1960இல் சரிந்து விழுந்துவிட்டது. அதை ஓட்டியவர்களைப் பற்றித்தான் தேடுகிறேன். அந்தப் பக்கம் இருப்பவர்கள் பழைய படம் ஏதாவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், அந்தத் தள்ளுமரத்துக்குத் தமிழில் நல்ல சொல் உண்டா? 'திருப்புமரம்' என்று எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவாகப் பிடிக்கவில்லை.