தாம்பு ஒருத்தர் கையில இருக்கறப்ப அது காதலுங்களா?

ஊத்துக்குளி வெண்ணெய்:
என் தொடர்கதையோட நாலாம் பாகம் போட்டதுல இருந்து திட்டு ஓயல, அதான் தனித் திரி. படிக்காதவங்களுக்கு: மனுசரை மனுசரே ஆடுமாடு மாதிரி பட்டியில அடைச்சு வளர்க்கற ஒரு கற்பனை நாடு. முப்பது வயசு எசமானிக்கும் அவ வாங்கிட்டு வந்த ஆளுக்கும் காதல். வெளிய தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் கசையடி. தடையை மீறுற காதலை எழுதுனது தப்புங்களா?

கொரங்காட்டான்:
தப்பு தடையில இல்லீங்க அம்மிணி, தாம்புல. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கீங்களா? துண்டைப் போட்டு மூடி, அதுக்கடியில விரலைப் பிடிச்சு வெலை பேசுவாங்க. மாடு பக்கத்துலயே நின்னு அசை போட்டுட்டு இருக்கும். தன் வெலை என்னன்னு அதுக்குத் தெரியாது. உங்க மொதப் பாகத்துல அவனை வாங்கற காட்சி அச்சு அசல் அதேதான், நல்லாவும் எழுதியிருக்கீங்க. அப்படி வாங்குனவ மூணு பாகம் கழிச்சு "என்னைப் புடிச்சிருக்கா"ன்னு கேட்டா அவன் வேற என்ன சொல்லுவான்? எங்க காரிக்காளையும் கூப்பிட்டா வருது. மூக்கணாங்கயிறு என் கையில இருக்குதே.

பவானிக்கூடல்:
அண்ணா, கதையைக் கதையாப் படிங்க. காதல்னாலே கொஞ்சம் அடிமைத்தனந்தான். "உனக்கே நாம் ஆட்செய்வோம்"னு ஆண்டாளே பாடலியா?

கொரங்காட்டான்:
ஆண்டாளை யாரும் துண்டுக்கடியில வெலை பேசி வாங்கல தம்பி.

கோபி வாத்தியார்:
இந்த வழக்கு புதுசில்லைங்க. தொல்காப்பியம் அகத்திணையியல்லயே இருக்குது. அடியோர், வினைவலர், அதாவது அடிமைகளும் ஏவல் வேலை செய்யறவங்களும், காதலுக்கு விலக்கில்லை, ஆனா அவங்க காதல் அன்பின் ஐந்திணையில, அதாவது ரெண்டு பேரும் ஒத்து அன்பு வைக்கற காதல்ல சேராது, அதுக்குப் புறத்துலதான் வரும்னு அந்தச் சூத்திரம் சொல்லுது. புறம்னா இங்க கைக்கிளை, பெருந்திணை: ஒருதலைக் காதலும் பொருந்தாக் காதலும். இளம்பூரணர் உரையில காரணமும் உண்டு: அறம், பொருள், இன்பம் மூணுலயும் வழுவாம நடக்கறது, பிறருக்குக் குற்றேவல் செய்யறவங்களுக்கு அரிது.

பவானிக்கூடல்:
கூலிக்காரனுக்கு ஒசந்த காதல் வராதுங்கற திமிர்தானுங்களே ஐயா அது?

கோபி வாத்தியார்:
திமிரும் இருக்குது, மறுக்கல. முப்பது வருசம் இந்தச் சூத்திரத்தைப் பாடம் நடத்தறப்ப நானே தர்மசங்கடமா நெளிஞ்சிருக்கேன். அவங்களுக்கு நாணம் கொறைவுன்னும் உரைகாரர் சொல்றார். ஆனா நான் மொதல்ல சொன்ன காரணத்தைப் பாருங்க. அடுத்தவங்க ஏவலுக்கு நடக்கறவனுக்கு அது அரிதுங்கறார். இந்தக் கதைக்கு அதுதானே கேள்வி?

வருசக்கூலி பேரன்:
எங்க அப்பாரு, அதான் தாத்தா, சின்ன வயசுல இருந்து ஒரு பண்ணையத்துல வருசக் கூலிக்கு இருந்தவர். டீ தேங்காத்தொட்டியில. பண்ணையக்காரருக்கு அவர் மேல உசுருன்னு ஊர்ல இன்னைக்கும் பெருமையாப் பேசுவாங்க. காய்ச்சல்னா கூட உக்காந்திருப்பாராம், கஞ்சி குடுத்தனுப்புவாராம். பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவ்வளவு உசுரா இருந்த மனுசன் கடன் நோட்டை மட்டும் ஒரு நாளும் எங்க அப்பாரு கண்ணுல காட்டல. 1976ல கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து அந்த மாதிரிக் கடனெல்லாம் செல்லாதுன்னுச்சு. அப்பாருக்கு அது காதுல விழவே பல வருசம் ஆச்சு. அம்மிணி, உங்க எசமானி அவன் நெத்தியில முத்தம் குடுக்கறா. கழுத்துப் பட்டையோட சாவி எங்கன்னு நாலு பாகத்துலயும் ஒரு வரி இல்லீங்க.

அவிநாசி ரோடு:
கற்பனை நாடாம்! 1906ல நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில, காங்கோவுல இருந்து வந்த ஓட்டா பெங்காவைக் குரங்குக் கூண்டுல வெச்சு வேடிக்கை காட்டுனாங்க. கருப்பினப் பாதிரிமார் சண்டை போட்டுத்தான் வெளிய வந்தார். ஊருக்குத் திரும்ப வழியில்லாம 1916ல தன்னைத்தானே சுட்டுக்கிட்டார்.

பவானிக்கூடல்:
எல்லாருஞ் சொல்றது சரிதாங்க. ஆனா பட்டிக்குள்ள இருக்கறவனுக்கு நெசமான ஆசையே வராதுன்னு நீங்க அடிச்சுச் சொன்னா, அந்த நாட்டுச் சட்டம் சொல்றதையே நீங்களுஞ் சொல்றீங்க. அவனையும் மாடுன்னுதானே ஆக்கறீங்க?

வருசக்கூலி பேரன்:
ஆசை வரும் தம்பி. அது அவனுக்கு மட்டுந்தான் தெரியும். இந்தக் கதை முழுக்க அவ வாயால சொல்றது. அவன் பேரு கூட அவ வெச்சது.

ஊத்துக்குளி வெண்ணெய்:
வெறும் கொடுமையா எழுதுனா பக்கத்தைத் தள்ளிட்டுப் போயிருவீங்கன்னுதான் காதலை வெச்சேன். சாவி விசயம் நெசமாவே எனக்குத் தோணலைங்ணா. அஞ்சாம் பாகத்துல பட்டையைக் கழட்டி, கதவைத் தொறந்து விடறா. ஆனா அவன் போயிட்டான்னா கதை அங்கயே முடிஞ்சிருமே?

கொரங்காட்டான்:
போகட்டுமே அம்மிணி. திரும்பி வர்றானான்னு பாக்கறதுக்கு நாங்க இருக்கோம்.

வருசக்கூலி பேரன்:
திரும்பி வந்தாலும் நான் சந்தேகப்படுவேனுங்க. வெளிய வேலையும் சோறும் கெடைக்காமதான் எங்க அப்பாருவும் ரெண்டு தடவை திரும்பிப் போனாரு.