டொக்கரில் ஏற்றினால் 'கவிதை' 15 கேள்விக்குறியாக வருகிறது

பனங்குருத்து எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மூன்று நாளாக மினக்கெட்டுவிட்டுத்தான் இங்கே வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலைக்கு ஓர் அண்ணா லராவலில் (பிஎச்பி மொழியில் வலைச்செயலி கட்டுகிற சட்டகம்) வலைச்செயலி ஒன்று செய்து தந்தார். புத்தகப் பட்டியல், யார் எதை இரவல் கொண்டுபோனார், திருப்பித் தர வேண்டிய திகதி, அவ்வளவுதான். அவர் இப்போது கனடாவில். போகும்போது செயலியின் கோடு இருக்கிற கிட் களஞ்சிய இணைப்பையும் தரவுத்தளத்தை எடுத்து வைத்த எஸ்கியூஎல் கோப்பையும் தந்து, "டொக்கர் கொம்போஸ் அப் எண்டு அடி, எல்லாம் தன்பாட்டில வரும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். தன்பாட்டில் ஒன்றும் வரவில்லை.

என்னுடையது 8 ஜிபி ராம் உள்ள பழைய லப்டொப், விண்டோஸ் 10. டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டுகிறது), அதில் உபுண்டு என்ற லினக்ஸ், செயலிகளைக் கொன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிக்குள் ஓட்டுகிற டொக்கர் டெஸ்க்டொப் எல்லாம் போட்டாயிற்று. கோடு டி டிரைவில் இருக்கிறது. எங்கள் பக்கேஜில் இரவு டேட்டாதான் தாராளம் என்பதால், டொக்கருக்குத் தேவையான இமேஜ் என்ற பொதிகளை இறக்க இரண்டு இரவு விழித்திருந்தேன்.

படிக்கும்போது போட்ட எக்ஸாம்ப் (பிஎச்பியும் தரவுத்தளமும் சேர்ந்த பொதி) ஏற்கெனவே 3306 போர்ட்டை, அதாவது மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் வழமையான வாசலை, பிடித்து வைத்திருக்கிறது. அதனால் கொம்போஸ் கோப்பில் 3307:3306 என்று மாற்றினேன். செயலியின் அமைப்புகள் இருக்கிற டொட் என்வ் கோப்பில் டிபி ஹோஸ்ட் 127.0.0.1, டிபி போர்ட் 3307. புத்தகப் பட்டியலைத் திறந்தால் 'கனெக்சன் ரிஃபியூஸ்ட்'. ஆனால் விண்டோஸில் இருந்து தரவுத்தளம் பார்க்கிற ஹெய்டி எஸ்கியூஎல்லால் அதே 3307க்குப் போனால் கதவு திறக்கிறது!

திறந்து பார்த்தால் அடுத்த இடி. தமிழ் முழுக்கக் கேள்விக்குறி. எனக்குப் பொழுது போகாமல் எண்ணியும் பார்த்தேன்: 'வகை' என்ற நிரலில் (கொலத்தில்) 'கவிதை' இருக்க வேண்டிய இடத்தில் சரியாக 15 கேள்விக்குறி. எஸ்கியூஎல் கோப்பை நோட்பாட்டில் திறந்தால் தமிழ் வடிவாகத் தெரிகிறது.

இதற்குமேல், தரவுத்தளமே தேவைப்படாத முகப்புப் பக்கம் வர 20 விநாடி எடுக்கிறது. நிலையத்தில் ஐயாமார் "எப்ப பிள்ளை சரிவரும்" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். யாராவது வழி சொல்லுங்கோ.

சைக்கிள்கடை எழுதியது:

தம்பி, ஒரு ஆள் தனியாக வேலை செய்கிற செயலிக்கு டொக்கர் எதற்கு? நாலு புத்தகம் கொண்டுபோகக் கண்டெய்னர் லொறி பிடிக்கிற கதை இது. எக்ஸாம்ப்தான் இருக்கிறதே. கோட்டை எச்டிடொக்ஸ் போல்டருக்குள் போட்டு, பிஎச்பிமைஅட்மினில் அந்தக் கோப்பை இம்போர்ட் பண்ணிவிட்டு நிம்மதியாகப் படுங்கோ. நான் 2012இல் இருந்து இப்படித்தான்.

கொக்குவில்காகம் எழுதியது:

சைக்கிள்கடை அண்ணா சொல்வதில் பாதி நியாயம். புதிதாக எழுதுகிற செயலி என்றால் நானும் டொக்கர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் இது இன்னொருவர் மைஎஸ்கியூஎல் 8இல் ஓட்டிய செயலி போலத் தெரிகிறது. எக்ஸாம்பில் 'மைஎஸ்கியூஎல்' என்று பட்டன் இருந்தாலும் உள்ளே ஓடுவது அதிலிருந்து பிரிந்த மரியாடிபி. 8இல் எடுத்த டம்ப்பில் (உங்களிடம் இருக்கிற எஸ்கியூஎல் கோப்புத்தான்) 0900 என்று வரும் கொலேஷனை, அதாவது எழுத்தை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதியை, அந்த மரியாடிபிக்குத் தெரியாது, முதல் டேபிளிலேயே நின்றுவிடும். ஆகவே டொக்கரையே சரிப்படுத்துவோம்.

முதலில் அந்த 15. எண்ணிப் பார்த்தது வீண் வேலை இல்லை, விடையே அதற்குள்தான் இருக்கிறது. 'கவிதை' கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து: க, வ, இகரக் குறி, த, ஐகாரக் குறி. யூனிகோடைப் பைட்டாகச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ஐந்து மூன்று பதினைந்து. மைஎஸ்கியூஎல் தன் பக்கத்தில் தமிழே இல்லாத லத்தீன்1 குறியீட்டுக்கு மாற்றப்போய்த் தோற்றிருந்தால் குறிக்கு ஒன்றாக ஐந்து கேள்விக்குறிதான் வந்திருக்கும். 15 வந்திருப்பதால், மைஎஸ்கியூஎல்லுக்குப் போய்ச் சேருமுன்னே யாரோ பைட் பைட்டாகப் பிய்த்து எறிந்திருக்கிறார்கள்.

என் ஊகம்: நீங்கள் விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் நின்று ஏற்றியிருக்கிறீர்கள். கோப்பை உள்ளே விடுகிற இடப்பக்க அம்புக்குறியை அது ஏற்காது. அதனால் கெற்-கொன்டென்ற் கட்டளையால் கோப்பை வாசித்து, அதை மைஎஸ்கியூஎல்லுக்குப் பைப் பண்ணியிருப்பீர்கள். விண்டோஸோடு வருகிற பவர்ஷெல் 5.1, தலைப்பில் பிஓஎம் (இது யூனிகோட் என்று காட்டுகிற அடையாளம்) இல்லாத யூடிஎஃப்-8 கோப்பைப் பழைய விண்டோஸ் குறியீடாக வாசிக்கும், ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்தாக. பைப்பால் வெளியே விடும்போது, ஆங்கில எழுத்து மட்டுமே உள்ள அஸ்கியாக மாற்றும். அஸ்கியில் இல்லாததெல்லாம் கேள்விக்குறி. பிழைச்செய்தி ஒன்றும் வராது, அதுதான் பொல்லாப்பு.

உறுதிப்படுத்த, அந்த நிரலை, பைட்டுகளைப் பதினறும எண்ணாகக் காட்டுகிற ஹெக்ஸ் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு செலெக்ட் பண்ணிப் பாருங்கோ. வரிசையாக 3எஃப் வந்தால் உள்ளே இருப்பது உண்மையான கேள்விக்குறி, மீட்க வழியில்லை, திரும்ப ஏற்ற வேண்டும். ஈ0 ஏஈ என்று தொடங்கினால் தமிழ் உள்ளே பத்திரம், காட்டுகிற இடத்தில்தான் கோளாறு. திரும்ப ஏற்றும்போது உபுண்டு டெர்மினலுக்குள் போய், அங்கே அம்புக்குறி போட்டு ஏற்றுங்கோ. டம்ப்பில் 'ட்ரொப் டேபிள்' வரி இருந்தால் பழையதை அழிக்கத் தேவையில்லை. 'டவுன்' கட்டளையோடு 'வி' சேர்த்து அடிக்கச் சொல்லி யாராவது சொன்னால் கவனம், அது தரவு சேமித்திருக்கிற வொலியூமையும் சேர்த்து அழித்துவிடும்.

இனி 'கனெக்சன் ரிஃபியூஸ்ட்'. செயலியும் தரவுத்தளமும் ஒரே வளவுக்குள் இருக்கிற இரண்டு வீடு என்று வையுங்கோ. 3307 என்பது ரோட்டுப் பக்கப் படலை. விண்டோஸில் இருந்து வருகிற ஹெய்டிக்கு அது வேண்டும். வளவுக்குள் இருக்கிறவர் ரோட்டுக்கு ஏறிப் படலையால் வருவாரா? லராவல் ஓடுவது கொன்டெய்னருக்குள். அங்கே 127.0.0.1 என்றால் அந்தக் கொன்டெய்னரேதான், அதற்குள் மைஎஸ்கியூஎல் இல்லை. டிபி ஹோஸ்ட் என்ற இடத்தில் கொம்போஸ் கோப்பில் உள்ள தரவுத்தள சேர்விஸின் பெயரையும், போர்ட்டில் 3306ஐயும் எழுதுங்கோ. கொன்ஃபிக் கிளியர் ஒருமுறை அடியுங்கோ, பழைய கேஷ் இருந்தால் டொட் என்வில் எதை மாற்றினாலும் ஏறாது.

20 விநாடிக்குக் காரணம் டி டிரைவ். லினக்ஸில் இருந்து விண்டோஸ் டிரைவில் கிடக்கிற கோப்பைத் தொடுவது பண்ணைப் பாலத்தால் ஒவ்வொரு அரிசியாகக் கொண்டுவருகிற மாதிரி. லராவலின் வெண்டர் போல்டரில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள். டி டிரைவில் இருப்பதைக் கொப்பி பண்ணாமல், உபுண்டுவின் ஹோம் போல்டருக்குள் புதிதாகக் குளோன் பண்ணுங்கோ. விண்டோஸ் கிட் வரி முடிவுகளை மாற்றியிருந்தால் அந்தத் தலையிடியும் சேர்ந்து போய்விடும்.

நள்ளிரவுடேட்டா எழுதியது:

காகம் எல்லாம் சொல்லிவிட்டார். ராமைப் பற்றி மட்டும். 8 ஜிபியில் டபிள்யூஎஸ்எல் பாதி வரை தனக்கென்று எடுக்கும். டாஸ்க் மனேஜரில் விஎம்மெம் என்று ஒன்று ஊதிக்கொண்டு நிற்பது அதுதான். விண்டோஸில் உங்கள் யூசர் போல்டருக்குள் டொட் டபிள்யூஎஸ்எல்கொன்ஃபிக் என்று ஒரு கோப்பு வைத்து, மெமரியை 3 ஜிபி என்று எழுதி, டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் பண்ணி எழுப்புங்கோ. எக்ஸாம்பையும் நிற்பாட்டுங்கோ, இரண்டு தரவுத்தளம் ஒரே நேரத்தில் எதற்கு.

அடுத்த தடவை இமேஜுக்காக விழித்திருக்க வேண்டாம். ஏற்கெனவே இறக்கிய யாரிடமாவது 'டொக்கர் சேவ்' பண்ணி ஒரு டார் கோப்பாகப் பென்டிரைவில் தரச் சொல்லுங்கோ. உங்கள் மெஷினில் 'டொக்கர் லோட்', சரி. நாங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரே ரூமில் இருந்த ஆறு பேரும் ஒரு பென்டிரைவால்தான் ஓட்டினோம்.

பனங்குருத்து எழுதியது:

காகம் அண்ணா, நீங்கள் என் பின்னால் நின்று பார்த்தீர்களா? கெற்-கொன்டென்ற்தான். எங்கோ ஒரு பதிலில் பார்த்துக் கொப்பி பண்ணினேன். ஹெக்ஸ் போட்டால் 3எஃப் 15 தடவை. உபுண்டுவுக்குள் நின்று திரும்ப ஏற்றினேன், இப்போது ஈ0 ஏஈ 95 என்று தொடங்குகிறது, திரையிலும் 'கவிதை'. டிபி ஹோஸ்டை மாற்றியதும் பட்டியலும் வந்துவிட்டது. முகப்புப் பக்கம் 20 விநாடியில் இருந்து இரண்டுக்கும் குறைவு. இந்த டி டிரைவ் விசயத்தை யாரும் முதலே சொல்லியிருந்தால் மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

சைக்கிள்கடை அண்ணா, தம்பி இல்லை, தங்கச்சி.

இரண்டு விசயம் இன்னும் இருக்கிறது. ஹோம் போல்டருக்கு மாற்றியபிறகு இரவல் பக்கத்தில் மட்டும் 'கிளாஸ் நொட் ஃபவுண்ட்'. டி டிரைவில் இருந்தபோது இந்தப் பிழை வரவில்லை. மற்றது, பழைய பதிவுகள் சில ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கின்றன. ஹெக்ஸில் ஈ0 இல்லை, 3எஃபும் இல்லை. நேற்று மாலை கரண்ட் போய் ரவுட்டரும் நின்றபோது இன்னொன்றும் தெரிந்தது: செயலி ஓடுகிறது, ஆனால் பக்கம் நிறமும் அலங்காரமும் இல்லாமல், சட்டை கழற்றின மாதிரி நிற்கிறது.

கொக்குவில்காகம் எழுதியது:

கோப்பின் பெயரைப் பாருங்கோ, தங்கச்சி. கிளாஸ் பெரிய எழுத்தில் தொடங்க, கோப்பு சின்ன எழுத்தில் இருக்கும். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. 'கிட் எம்வி' போட்டுப் பெயரை மாற்றுங்கோ, கையால் மாற்றினால் விண்டோஸ் பக்கத்து கிட் சிலவேளை கவனிக்காது.

சட்டை கழன்றது, பக்கத்துக்கு அலங்காரம் தருகிற பூட்ஸ்ட்ராப்பை சிடிஎன்னில் (இணையத்தில் உள்ள சேர்வர்) இருந்து எடுப்பதால். என்பிஎம் என்ற பொதி நிறுவியால் உள்ளே கொண்டுவந்து வீட்டோடு சேர்த்துக் கட்டுங்கோ.

அரைப்புள்ளி விசயம் கோளாறே இல்லை. அது பாமினி, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு. அந்த எழுத்துருவில் புள்ளி போடுகிற இடத்தில் அரைப்புள்ளிதான் இருக்கும். தட்டச்சுக் கடையில் அடித்து வாங்கிய பழைய பட்டியலை அப்படியே ஒட்டியிருப்பார்கள். யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், ஆனால் அதை முதலில் உங்கள் லோக்கல் பிரதியில் செய்து பாருங்கோ. யூனிகோடில் ஏற்கெனவே இருக்கிற பதிவுகளை எழுத்துரு மாற்றிக்குள் விடாதேங்கோ, ஆங்கிலப் புத்தகங்களையும் விடாதேங்கோ. ஆங்கிலத் தலைப்பு மாற்றிக்குள் போனால் அதுவும் பொருளில்லாத தமிழாகி வெளியே வரும்.

பனங்குருத்து எழுதியது:

ஆங்கிலப் புத்தகம் ஒரு அலுமாரி நிறைய இருக்கிறது. மொழி என்று ஒரு நிரலும் இல்லை. சரி, நாளைக்கு நிலையத்துக்குப் போய்ப் பழைய பதிவுக் கொப்பியை எடுத்துக்கொண்டு ஐயாவோடு இருக்கிறேன், அவர் வாசிக்க நான் குறிக்கிறேன்.