கிட் வாங்கிப் போகிறவர்கள் நிறைய, திருப்பி அனுப்புகிறவர்கள்தான்…

மார்ச் வந்தால் பெருங்குடல் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். சிங்கப்பூர் ஈசூனில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழே நாங்கள் நாலைந்து தொண்டூழியர்கள் மேசை போட்டு உட்காருவோம். இங்கே 50 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் மலப் பரிசோதனை கிட்டை இலவசமாகவே தருகிறது, ஆனால் "இலவசம்" என்று கூப்பிட்டு வருகிறவர்கள் "மலம்" என்றதும் மறுபக்கம் திரும்பிவிடுவார்கள். போன வருடம் ஒரு ஆன்ட்டி, அறுபதைத் தாண்டியவர், மட்டும் நின்று கேட்டார். பேரீச்சம்பழத்தைப் பிசைந்து வைத்து, குச்சியால் அதன் மேலே இங்கும் அங்கும் லேசாகச் சுரண்டி, குழாயில் போட்டு மூடிக் குலுக்கிக் காட்டினேன். "அய்யோ தம்பி, இனிமே நோன்புக்குக்கூட இதைத் தின்ன முடியாதே!" என்று சிரித்தார். சிரித்ததால்தானோ என்னவோ, கிட்டை வாங்கிப் பைக்குள் கறிவேப்பிலைக்கு அடியில் ஒளித்து எடுத்துப் போனார். அதற்கப்புறம் என்ன ஆனது என்று தெரியவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

~

எனக்கு வாய்த்தவர் ஓர் அங்கிள். "நான் சுத்த சைவம்மா, எனக்கெல்லாம் வராது." வராது என்று யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது அங்கிள் என்றேன், அவர் விடவில்லை, அரை மணி நேரம் சைவத்தின் பெருமை கேட்டேன். கிளம்பும்போதுதான் மெதுவாகச் சொன்னார், எப்போதாவது ரத்தம் போகுமாம், மூலம் என்று அவரே முடிவு பண்ணி களிம்பு தடவிக்கொண்டிருக்கிறாராம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த கிட் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்க. கண்ணுக்குத் தெரிகிற ரத்தத்துக்கு கிட் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். போனாரா, தெரியாது.

~

நான் தொண்டூழியன் இல்லை, கிட் வாங்கினவன். மூன்று மாதம் டிராயரில் கிடந்தது. இரண்டு நாளில் இரண்டு மாதிரி எடுக்க வேண்டும், முதல் நாள் எடுத்துவிட்டு மறுநாள் மறந்து, ஒரே கூத்து. மனைவி திட்டித்தான் அனுப்பினேன். ரத்தம் இருக்கிறது என்று பதில் வந்த அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்து குடல் உள்நோக்குச் சோதனை. சோதனையைவிட அதற்கு முந்தைய நாள் மருந்து குடித்துவிட்டுக் கழிவறையிலேயே குடியிருந்ததுதான் கொடுமை, சோதனையின்போது மயக்க மருந்தில் நன்றாகத் தூங்கினேன். இரண்டு பாலிப் இருந்தது, சின்னச் சதை வளர்ச்சி, அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் புற்றுநோயாக மாற 10 வருடம்கூட ஆகலாமாம். டிராயரில் இருந்த மூன்று மாதம் ஒன்றும் கெடுக்கவில்லை என்றாலும் நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. தம்பிக்கு 44தான், இருந்தாலும் எனக்கு வந்ததைச் சொல்லி இப்போதே மருத்துவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

~

முதலில் எழுதியவன்தான். இன்று காலை ஈரச்சந்தையில் மீன் வாங்க நிற்கிறேன், பின்னாலிருந்து ஒரு சத்தம். "தம்பி! பேரீச்சம்பழம்! போஸ்ட் பண்ணிட்டேன், ரெண்டும்! ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சு!" மீன்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வருடா வருடம் செய்யணும் ஆன்ட்டி, இந்த வருஷத்துக்கு வாங்கிட்டீங்களா என்றேன். முகம் மாறிவிட்டது. "திரும்பவுமா?" என்று கேட்டுவிட்டு வஞ்சிரத்துக்கு விலை பேசப் போய்விட்டார்.