கைக்கணினியா, மின்குறிப்பேடா? விலை குறைந்த கருவிகளுக்குச் சொல் தேடல்

(கலைச்சொல் மடற்குழு ஒன்றில் 2004-இல் நடந்த உரையாடல். கருவிகளும் விலைகளும் அந்த ஆண்டுக்குரியவை.)

அன்புள்ள குழுவினருக்கு,

முகவரி, சந்திப்பு நேரம், செய்யவேண்டிய வேலைகள் இவற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள உதவும் கருவிகளைப் பற்றி, முதன்முறை வாங்குவோருக்கான கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. விலை வரம்பு 10,000 ரூபாய். எழுதத் தொடங்கியதும் முதல் வரியிலேயே சொல் இடித்தது. கடைகளில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், 'டிஜிட்டல் டைரி'. அந்தப் பெயருக்குள் இரண்டு வேறு சாதிப் பொருள்கள் இருக்கின்றன.

ஒன்று, காசியோ, ஷார்ப் போன்றோர் செய்யும் பொத்தான் கருவிகள். 32 கேபி, 64 கேபி நினைவகம், சிறு விசைப்பலகை, நாணய வடிவ மின்கலம். தயாரித்தவர் உள்ளே வைத்த வேலைகளை மட்டுமே செய்யும். இன்னொன்று பாம் நிறுவனத்தின் சயர் போன்றவை. 2002 அக்டோபரில் 99 டாலருக்கு வந்த முதல் சயரில் 2 எம்பி. 2003-இல் அதே விலைக்கு வந்த சயர் 21-இல் 8 எம்பி. டாலர் 45 ரூபாய் (2004 நிலவரம்) என்று வைத்தால் வரி நீங்கலாக 4,500 ரூபாய் அளவில் வருகிறது. இவற்றில் புதிய நிரல்களை ஏற்றலாம், மேசைக்கணினியில் உள்ள முகவரிப் பட்டியலோடு இணைக்கலாம்.

வாங்குபவர் பெயரை நம்பி முதல் வகையை வாங்கி, பிறகு கணினியோடு இணைக்கும் வடத்தைத் தேடுகிறார். ஆகவே இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். என் முன்மொழிவு: முதல் வகைக்கு 'மின்நாட்குறிப்பு', இரண்டாவதற்கு 'உள்ளங்கைக் கணினி'. கருத்துச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து

* * *

> முதல் வகைக்கு 'மின்நாட்குறிப்பு', இரண்டாவதற்கு 'உள்ளங்கைக் கணினி'

ஐயா, பிரிப்பு சரி. இரண்டு சொற்களும் மாறவேண்டும்.

'நாட்குறிப்பு' என்றால் நாள்வாரியாக எழுதுவது. இந்தக் கருவிகளை வாங்குவோரில் பெரும்பாலோர் அதில் ஏற்றுவது தொலைபேசி எண்களைத்தான். நாள் சார்ந்த பதிவு அடுத்த இடத்தில்தான் வரும். 'குறிப்பேடு' என்றால் எண், முகவரி, கணக்கு, நாள் எல்லாம் அடங்கும். 'மின்குறிப்பேடு' என்று வைத்துக்கொள்ளலாம். 'கையேடு' இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். அந்தச் சொல்லை வழிகாட்டி நூல்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. 'நாளேடு' என்றால் செய்தித்தாள்.

'உள்ளங்கைக் கணினி' ஒரு நிறுவனத்தின் பெயரை மொழிபெயர்த்தது; 'பாம்' என்றால் ஆங்கிலத்தில் உள்ளங்கை. ஹாண்ட்ஸ்பிரிங் வைசரும் சோனி கிளியேயும் பாம் ஓஎஸ் என்ற அதே இயங்குதளத்தில் ஓடினாலும் வேறு நிறுவனத்தார் செய்தவை. காம்பாக் ஐபேக்கின் இயங்குதளமே வேறு. பொதுப்பெயர் யாருடைய முத்திரையையும் சுமக்கக் கூடாது. கைக்கடிகாரம், கைப்பை, கைக்குட்டை என்ற வரிசையில் 'கைக்கணினி' தானாக வந்து உட்காருகிறது. ஐந்தே எழுத்து. பெட்டியின் மேல் அச்சிட்டாலும் இடம் போதும்.

'ஆர்கனைசர்' என்பதை 'ஒழுங்கமைப்பி' என்று யாரேனும் எழுதுமுன் சொல்லிவிடுகிறேன்: அது வேண்டாம். ஒழுங்கமைப்பவர் மனிதர். கருவி குறித்து வைத்துக்கொள்கிறது, நேரம் வந்தால் ஒலி எழுப்புகிறது, அவ்வளவே.

மதுரையிலிருந்து

* * *

இலங்கையில் 'கையடக்கத் தொலைபேசி' நன்கு வேரூன்றிவிட்ட வழக்கு. அந்த வழியில் 'கையடக்கக் கணினி' என்றால் இங்குள்ளவர்க்கு விளக்கமே தேவைப்படாது. (கணனி என்று எழுதுவோரும் எம்மிடையே உண்டு, அதை இப்போது கிளற வேண்டாம்.) 'கைக்கணினி' என்று மட்டும் கேட்டால், கூட்டல் கழித்தல் போடும் கணிப்பான் என்று கருதிவிடக் கூடும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு வகையையும் பிரிப்பதற்கு ஒரு தெளிவான சோதனையைக் கையேட்டில் தாருங்கள். அளவையும் விலையையும் கொண்டு பிரிக்க முடியாது. சில மின்குறிப்பேடுகளும் வடத்துடன் வருகின்றன, தொடுதிரையுடனும் வருகின்றன.

கொழும்பிலிருந்து

* * *

சோதனை ஒன்றே போதும்: தயாரித்தவர் தராத நிரல் ஒன்றை வாங்கியவர் தானே ஏற்ற முடியுமா? முடிந்தால் கைக்கணினி. முடியாவிட்டால், தொடுதிரை இருந்தாலும் வடம் இருந்தாலும், மின்குறிப்பேடு. கடையில் நின்றபடியே கேட்டு விடை பெறக்கூடிய கேள்வி இது.

கணிப்பானோடு குழம்பும் என்ற அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் 'கையடக்க' என்பது அளவைச் சொல்லும் அடைமொழி. அதை முதல் முறை விளக்கத்தில் பயன்படுத்துவோம், 'கையடக்கமான கணினி, அதாவது கைக்கணினி' என்று. பிறகு குறுஞ்சொல்லே போதும்.

எந்த வகை யாருக்கு என்பதற்குக் கணக்கு ஒன்று தருகிறேன். பெயர், இரண்டு எண்கள், முகவரி சேர்ந்த ஒரு பதிவு ஆங்கிலத்தில் சுமார் 150 பைட்டு பிடிக்கும். 500 பதிவுக்கு 75,000 பைட்டு. 64 கேபி மின்குறிப்பேடு அங்கேயே நிரம்பிவிடும். பெயரும் ஒரே எண்ணும் மட்டும் என்றால் 40 பைட்டு. அதே கருவியில் 1,000 பேர் தாராளமாக அடங்குவர். எண்கள் மட்டும் வேண்டுபவர் மின்குறிப்பேடு வாங்கட்டும், அது நல்ல தேர்வு. முகவரி, சந்திப்பு, நீண்ட குறிப்பு என்று போனால் 2 எம்பி கைக்கணினியே போதும். 8 எம்பி தேவைப்படுவது அகராதி, மின்னூல் ஏற்றுபவர்க்கு.

இனி அடுத்த சிக்கலான சொல்: கைக்கணினியும் மேசைக்கணினியும் பதிவுகளைச் சரிபார்த்துக்கொள்ளும் செயல். இதற்கு 'நகலெடுத்தல்' என்று எழுதுவோர் உண்டு. அது தவறான பொருளைத் தந்து தரவையே இழக்கச் செய்யும். நகலெடுத்தல் ஒருவழி, இது இருவழி. கைக்கணினியில் ஓர் எண்ணைத் திருத்தி, மேசைக்கணினியில் வேறொருவரின் முகவரியைத் திருத்தினால், செயல் முடிந்தபின் இரண்டு திருத்தமும் இரண்டு பக்கத்திலும் இருக்கும். ஒரே பதிவை இரண்டு பக்கமும் வெவ்வேறாகத் திருத்தினால் பாம் மென்பொருள் எதையும் அழிக்காது, இரண்டு பதிவாக வைத்துவிடும். 'பெயர் இரட்டிப்பாகிறது' என்ற புகாருக்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

'ஒத்திசைவு' எனலாம்.

பெங்களூரிலிருந்து

* * *

> 'ஒத்திசைவு' எனலாம்.

இசையிலும் இச்சொல் வழங்குகிறது, இருந்தாலும் சூழல் பிரித்துக் காட்டிவிடும். கணக்கர்கள் 'ஒத்திட்டுப் பார்த்தல்' என்பார்கள், இரண்டு பேரேடுகளை வரிவரியாக ஒப்பிடுவதை. நடப்பது அதேதான். ஆனால் ஒத்திட்டுப் பார்ப்பதில் திருத்துவது சேராது. அதனால் ஒத்திசைவுக்கே என் வாக்கு. வினையாகவும் வளையும்: ஒத்திசைக்கவும், ஒத்திசைந்தது, ஒத்திசையவில்லை.

இதோடு ஓர் எச்சரிக்கையையும் கையேட்டில் சேர்க்கவேண்டும். ஒத்திசைவு நிரலின் அமைப்பில் நான்கு தெரிவுகள் இருக்கும்: இருபுறமும் ஒத்திசை, மேசையிலுள்ளது கையிலுள்ளதன் மேல் எழுது, கையிலுள்ளது மேசையிலுள்ளதன் மேல் எழுது, ஒன்றும் செய்யாதே. நினைவகம் அழிந்துபோன கைக்கணினியை மீட்கும்போது இரண்டாவதைத் தெரிவுசெய்யவேண்டும். மூன்றாவது தவறுதலாக அமைந்திருந்தால், வெறுமையான பட்டியல் மேசைக்கணினிக்கும் போய்விடும். இரண்டு பேர் ஒரே மேசைக்கணினியைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு கருவிக்கும் வேறு பயனர்பெயர் கொடுக்கவேண்டும். ஒரே பெயரென்றால் இருவர் பதிவுகளும் கலந்துவிடும்.

யுஎஸ்பி கருவிகளில் வரிசையும் முக்கியம். முதலில் குறுவட்டிலுள்ள மென்பொருளை நிறுவி, பிறகு வடத்தைச் செருகவேண்டும். முதலிலேயே செருகினால் விண்டோஸ் அதை அறியாத கருவி என்று பதிந்துகொண்டு, பிறகு மென்பொருளை நிறுவினாலும் கண்டுகொள்ளாமல் போகலாம். பாமின் பழைய எம்100 தொடர்த்துறையில் (சீரியல் போர்ட்) இணைவது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்தத் துறையே இல்லை. பயன்படுத்திய எம்100-ஐ வாங்குமுன் கணினியின் பின்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து

* * *

திரையில் எழுதும் சிறு கோலுக்கு 'எழுத்தாணி' என்று யாராவது முன்மொழிவார்கள் என்று காத்திருந்தேன். அழகான சொல், ஓலைச்சுவடி மரபும் கூட வரும். ஆயினும் எதிர்க்கிறேன்.

எழுத்தாணி என்பது ஓலையைக் கீறும் இரும்பு முனை. இந்தத் திரை அழுத்தத்தை உணர்வது: மேலே வளையும் படலம், கீழே கண்ணாடி, நடுவே நூலளவு இடைவெளி. முனை மேற்படலத்தை அழுத்திக் கீழ்ப்பரப்பைத் தொடச்செய்கிறது. கீறினால் படலம் கெடும். கோல் தொலைந்ததும் பந்துமுனைப் பேனாவின் மூடிய முனையால் எழுதத் தொடங்குவதே திரை கெடுவதற்கு வழி. கூர்மையைச் சொல்லும் பெயரைச் சூட்டி அந்தப் பழக்கத்தை வளர்க்கவேண்டாம். 'தொடுகோல்' போதும். திரையின் அடியில் எழுத்து வரையும் பகுதிக்கு 'எழுதுகளம்'. அதிகம் தேய்வது அதுதான். ஒளிபுகும் ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை அதன் மேல் ஒட்டி, மங்கியதும் மாற்றினால் திரை நெடுநாள் உழைக்கும்.

எழுதுகளம் பற்றி வாங்குமுன் அறியவேண்டியது: பாம் கருவிகளில் எழுத்து வரையும் முறைக்குக் கிராஃபிட்டி என்று பெயர். முதல் சயரில் பழைய கிராஃபிட்டி, எல்லா எழுத்தும் ஒரே இழுப்பில். சயர் 21-இல் கிராஃபிட்டி 2. ஆங்கில i, k, t, x ஆகியவற்றுக்கு இரண்டு இழுப்பு. பழையதில் பழகிய கைக்கு முதலில் தடுமாறும். புதிதாகக் கற்பவர்க்கு இரண்டாவது எளிது, அச்செழுத்தை ஒத்திருப்பதால். இரண்டு சயருக்கும் பின்னொளி கிடையாது. மாலையில் பேருந்தில் பார்ப்பவருக்கு இது பெருங்குறை. எம்100, எம்105 இரண்டிலும் பின்னொளி உண்டு.

திருச்சியிலிருந்து

* * *

தொடுகோல், எழுதுகளம் இரண்டும் ஏற்கத்தக்கவை.

தமிழ் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. வாங்குவோர் முதலில் கேட்கப்போவது 'தமிழ் வருமா' என்றுதான். நேர்மையான விடை: வாசிக்க ஓரளவு வரும், கருவியிலேயே எழுத வராது. நம் கடைகளில் கிடைக்கும் பாம் ஓஎஸ் ஆங்கிலப் பதிப்பு 8 பிட்டு எழுத்துக்களையே கையாள்கிறது. எழுத்துருவை மாற்றும் சிறு நிரலின் துணையோடு திஸ்கி (TSCII) என்ற 8 பிட்டுத் தமிழ்க் குறியாக்கத்தின் எழுத்துருவைப் பொருத்தினால் மின்னூல் படிக்கலாம். திருக்குறள் 1330 பாக்களும் மூலம் மட்டும் திஸ்கியில் 100 கேபிக்குள் அடங்கும். யூனிகோடின் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. அது 200 கேபி அளவாகும், பாம் ஓஎஸ் அதைத் தமிழாகக் காட்டவும் காட்டாது.

முகவரிப் பட்டியலை மேசைக்கணினியில் தமிழில் தட்டி ஏற்ற முனைந்தால் வரிசை குலையும். திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பது. 'கெ' என்பதில் கொம்பு முன்னால், ககரம் பின்னால். ஆகவே கெளரி, செல்வம், மெய்யப்பன் மூவரும் கொம்பின்கீழ் ஒரே இடத்தில் கூடிவிடுவார்கள். ககரத்தில் தேடினால் கெளரி கிடைக்கமாட்டார். பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, தமிழைக் குறிப்புப் பகுதியில் வைப்பதே இப்போதைக்கு வழி. 160 புள்ளி அகலத் திரையில் ண, ணை, ஞ போன்றவை சிற்றளவில் கலங்கித் தெரியும் என்பதையும் எழுதுங்கள்.

இந்திய மொழிகளை மனத்தில் வைத்தே பிறந்த கருவி ஒன்று உண்டு, சிம்ப்யூட்டர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தாரும் என்கோர் நிறுவனத்தாரும் கூடி வடிவமைத்தது, லினக்ஸில் இயங்குவது. அமிடா என்ற பெயரில் 2004-இல் விற்பனைக்கு வந்தது; கருப்பு வெள்ளைத் திரை கொண்ட அடிப்படை வகை 10,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. நம் சோதனைப்படி அதுவும் கைக்கணினியே. விலையில் இரண்டு சயர் வாங்கலாம் என்பதால் எண்களைக் குறிக்க மட்டும் வாங்கவேண்டியதில்லை.

சென்னையிலிருந்து

* * *

மின்கலத்துக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கவேண்டும். இந்தக் கருவிகளில் பதிவுகள் எல்லாம் மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே வாழும் நினைவகத்தில் இருக்கின்றன. சொற்கள் புழங்குகின்றனவா என்று பார்க்க, அந்தப் பகுதியையே எழுதிப் பார்த்தேன்:

'மின்குறிப்பேட்டில் முதன்மை மின்கலம், காப்பு மின்கலம் என இரண்டு உண்டு. ஒரே வேளையில் இரண்டையும் கழற்றாதீர்கள். ஒன்றை மாற்றி மூடி, கருவி இயங்குவதைப் பார்த்தபின் மற்றதைத் தொடுங்கள்.

ஏஏஏ மின்கலம் இரண்டு போடும் கைக்கணினியில் முதலில் ஒத்திசையுங்கள். கருவியை அணைத்து, புதிய மின்கலங்களைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு பழையவற்றை எடுங்கள். உள்ளேயுள்ள மின்தேக்கி சுமார் ஒரு நிமிடமே நினைவகத்தைக் காக்கும். மீள்மின்னேற்ற நிக்கல் மின்கலம் போட்டால் அளவுகாட்டி எப்போதும் குறைவாகவே காட்டும், காரமின்கலத்தின் 1.5 வோல்ட்டுக்கு ஏற்ப அது அமைந்தது, நிக்கல் தருவது 1.2. நிக்கல் மின்கலம் கடைசியில் சட்டென்று இறங்கிவிடும் என்பதால், எச்சரிக்கை வந்தவுடனே மாற்றுங்கள்.

சயர் போல உள்ளேயே மின்கலம் பதித்த கைக்கணினியைப் பயன்படுத்தாவிட்டாலும் மின்னேற்றிக்கொண்டே இருங்கள். பல வாரம் அலமாரியில் கிடந்தால் நினைவகம் வெறுமையாகும். மேசைக்கணினியில் ஒத்திசைத்து வைத்தது மட்டுமே மிஞ்சும்.

பயன்படுத்திய கைக்கணினி வாங்கும்போது: தொடும் இடம் சரியாகப் பதியும்படி திரையைச் சீரமைத்து, தொடுகோலால் மூலைக்கு மூலை நேர்கோடு வரையுங்கள். கோடு நடுங்கினாலோ முனையைவிட்டு விலகி ஓடினாலோ வாங்காதீர்கள். மின்கல அறையின் தகடுகளில் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.'

பெங்களூரிலிருந்து

* * *

நன்றாக ஓடுகிறது. இரண்டே திருத்தம். 'மீள்மின்னேற்ற நிக்கல் மின்கலம்' கனக்கிறது. 'மின்னேற்றும் நிக்கல் மின்கலம்' போதும். 'காரமின்கலம்' பள்ளிப் பாடத்தில் இருந்தாலும் கடையில் அல்கலைன் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். வாங்கவேண்டிய பொருளுக்குக் கடையில் செல்லும் பெயரையே வைப்போம். அதே காரணத்தால் கையேட்டின் அட்டையில் 'கைக்கணினி' என்று பெரிதாகவும், அதன்கீழ் 'டிஜிட்டல் டைரி வாங்கப்போகிறவர்களுக்கு' என்று சிறிதாகவும் அச்சிடலாம். கொழும்பு நண்பர் கேட்டபடி இலங்கைப் பதிப்பில் 'கையடக்கக் கணினி' இருக்கட்டும். உள்ளே சொல்லடைவில் இரண்டையும் ஒரே வரியில் தருகிறேன்.

மின்கலப் பகுதியை எட்டாம் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்துக்கு நகர்த்துகிறேன். வாங்கிய அன்றே படிக்கவேண்டியது அது.

சென்னையிலிருந்து