பெயரைப் பறிக்கும் அதிகாரம்: நாவல்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். ஆங்கில நாவல்களில் ஒருவரின் பெயரை மாற்றுவதே அடக்குமுறையாக வரும் இடங்களைத் திரட்டி வருகிறேன்.

1719-இல் வெளிவந்த 'ராபின்சன் குரூசோ'வில், தான் காப்பாற்றிய மனிதனின் சொந்தப் பெயரைக் குரூசோ கேட்பதே இல்லை. ஃப்ரைடே என்று தானே பெயர் வைத்து, தன்னை 'மாஸ்டர்' (எஜமான்) என்று கூப்பிடக் கற்றுக்கொடுக்கிறான். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நெடுநேரம் ஆனது. ஜீன் ரீஸின் 'வைட் சர்காசோ சீ' (1966) நாவலில் கணவன் ஆன்டனெட்டை 'பெர்த்தா' என்றே கூப்பிடுகிறான்.

சரி, இவை பலரும் அறிந்தவை. வீட்டு வேலை செய்பவர்களோ ஆலைத் தொழிலாளர்களோ இப்படிப் பெயரிழக்கும் நாவல்களைப் படித்திருக்கிறீர்களா? அப்புறம், இழந்த பெயரைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் கதை இருந்தால் அதைத்தான் முதலில் படிக்க ஆசை. தலைப்போடு, எந்தக் காட்சி என்றும் இரண்டு வரி எழுதுங்கள்.